இந்தப் பிள்ளை யார் கூட? நர்சிங் மாணவிகள் வார்டில் வளர ஒரு முழு வழிகாட்டி

காலை ஏழேகாலுக்குக் கல்லூரி வேன் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நிற்கும். வெள்ளைக் கோட்டும் இறுக்கிப் போட்ட கொண்டையுமாகப் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் இறங்குவார்கள். அதில் பாதிப் பேர் கல்லல், புதுவயல், சாக்கோட்டை என்று ஊர்களிலிருந்து முதல் பஸ் பிடித்துக் காரைக்குடி வந்து, அங்கிருந்து வேன் ஏறியவர்கள். பலர் காலையில் சாப்பிட்டிருக்க மாட்டார்கள். வார்டுக்குள் நுழைந்ததும் சுவரை ஒட்டி வரிசையாக நிற்பார்கள். நைட் டூட்டி சிஸ்டர் ஓவர் கொடுத்துக்கொண்டிருப்பார், அதாவது நோயாளிகளின் நிலையைச் சொல்லி அடுத்த ஷிஃப்ட்டிடம் ஒப்படைத்துக்கொண்டிருப்பார். டாக்டர் ரவுண்ட்ஸ் வருவார். ஆயாம்மா வாளியோடு வந்து "தள்ளிக்கங்கம்மா" என்பார். பிள்ளைகள் இந்தச் சுவரிலிருந்து எதிர்ச் சுவருக்கு மாறுவார்கள்.

அந்தச் சுவரோரத்தில் நானும் நின்றிருக்கிறேன். இரண்டாம் வருடப் போஸ்டிங்கில், அதாவது வார்டுப் பயிற்சியில், பதினோரு நாள் நின்றேன். பெட் விரித்தேன், பி.பி. பார்த்தேன், லேபுக்கு ரத்தம் கொண்டு போனேன். யாரும் என் பெயரைக் கேட்கவில்லை. பன்னிரண்டாம் நாள் லீவு முடிந்து வந்த இன்சார்ஜ் சிஸ்டர் என்னைப் பார்த்துவிட்டு மற்றவர்களிடம் கேட்டார்: "இந்தப் பிள்ளை யார் கூட?" யாரும் பதில் சொல்லவில்லை. "சரி, அப்ப என் கூட" என்றார். அதற்குப் பிறகு வந்த இரண்டு வாரத்தில் கற்றுக்கொண்டதை வைத்துத்தான் இன்றுவரை பாடம் நடத்துகிறேன்.

நான் கண்டவரை, மாணவி வார்டில் வளர்கிறாளா இல்லையா என்பதை அந்த ஒரு கேள்விதான் முடிவு செய்கிறது. அவள் யார் கூட இருக்கிறாள்? நல்ல சிஸ்டர் வாய்த்தால் அதிர்ஷ்டம், வாய்க்காவிட்டால் விதி என்று விட்டுவிடக் கூடாது. முன்கூட்டியே ஏற்பாடு செய்ய முடிகிற காரியம் இது. எப்படிச் செய்வது என்று வார்டு இன்சார்ஜ்களுக்கும், ஸ்டாஃப் நர்ஸ்களுக்கும், என்னைப் போன்ற டியூட்டர்களுக்கும் எழுதுகிறேன். மாணவி என்று எழுதுவதெல்லாம் பையன்களுக்கும் சேர்த்துத்தான்.

முதல் படி: போஸ்டிங் தொடங்குமுன் ஒரு தாள்

கல்லூரிக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஒப்பந்தம் இருக்கும். அது அலுவலக ஃபைலில் இருக்கும், வார்டுக்கு வராது. வார்டுக்கு வர வேண்டியது ஒரே ஒரு தாள். போஸ்டிங்குக்கு ஒரு வாரம் முன்னாலேயே டியூட்டர் நேரில் கொண்டுபோய் இன்சார்ஜ் சிஸ்டரிடம் கொடுக்க வேண்டும். யார் யார் வருகிறார்கள், எந்த செமஸ்டர், எத்தனை நாள் என்பது மேலே இருக்கட்டும். கீழே மூன்று பத்தி: இவர்கள் தனியாகச் செய்யலாம், கூட ஆள் நின்றால் செய்யலாம், பார்க்க மட்டும் செய்யலாம்.

உதாரணமாக இரண்டாம் செமஸ்டர் பிள்ளை வைட்டல்ஸ் (நாடி, பி.பி., காய்ச்சல், மூச்சு) தனியாகப் பார்க்கலாம். இன்ஜெக்‌ஷன் போடுவதென்றால் கூட சிஸ்டர் நிற்க வேண்டும். தவறாகப் போட்டால் இதயத்தையே நிறுத்திவிடுகிற பொட்டாசியம் குளோரைடு ஆம்பூல் இருக்கிற பக்கம் அவள் கை போகவே கூடாது. இந்தத் தாள் இல்லாத இடத்தில் இரண்டு விதமான கேடு நடக்கும். ஒரு சிஸ்டர் பயந்துபோய் எதையும் தொடவிட மாட்டார். இன்னொருவர் ஆள் பற்றாக்குறையில் எல்லாவற்றையும் தள்ளிவிடுவார்.

எண்ணிக்கையையும் இப்போதே பேசிவிடுங்கள். பத்து மாணவிகளுக்கு ஓர் ஆசிரியர், ஒரு மாணவிக்கு 3 நோயாளிகள் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் கணக்கு. முப்பது பெட் உள்ள நர்சிங் ஹோமில் ஒரே ஷிஃப்ட்டில் இருபத்தைந்து பேரை நிறுத்தினால் இதெல்லாம் காற்றில் போகும். ஒரு நோயாளியிடம் காலையில் எட்டுப் பேர் பி.பி. பார்ப்பார்கள். அவர் எரிச்சலாகி ஒன்பதாவது ஆளைத் திட்டுவார். இட நெருக்கடி இருந்தால் பிள்ளைகளைப் பிரித்துப் பாதிப் பேரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும், ஓ.பி.க்கும், டயாலிசிஸ் யூனிட்டுக்கும் அனுப்பலாம். டியூட்டர் எல்லா இடத்துக்கும் நடக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

தடுப்பூசி விஷயத்தையும் இந்த வாரத்திலேயே சரிபார்த்துவிட வேண்டும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று டோஸ்: முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து அடுத்தது, ஆறாம் மாதம் மூன்றாவது. வார்டில் ஊசி குத்திய பிறகு "நீ போட்டிருக்கியாம்மா?" என்று கேட்பது தாமதமான கேள்வி.

இரண்டாம் படி: முதல் நாள், முதல் ஒரு மணி நேரம்

முதல் நாள் பாடம் வேண்டாம். வார்டைச் சுற்றிக் காட்டுங்கள். எமர்ஜென்சி ட்ராலி எங்கே, ஆக்சிஜன் எங்கே, பயன்படுத்திய ஊசியைப் போடுகிற வெள்ளை டப்பா எங்கே, மஞ்சள் பையில் என்ன, சிவப்புப் பையில் என்ன, கை கழுவ சோப்பு எங்கே என்று பார்த்தால் போதும். பையை எங்கே வைப்பது, எங்கே சாப்பிடுவது, பாத்ரூம் எங்கே என்பதும் இதில் உண்டு. பாத்ரூம் எங்கே என்று கேட்கக் கூச்சப்பட்டு எட்டு மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் இருந்து மயங்கி விழுந்த பிள்ளையை நான் தூக்கியிருக்கிறேன்.

அப்புறம் பெயர். மாணவியின் பெயரைத் தமிழில் பெரிய எழுத்தில் அட்டையில் எழுதிக் குத்திக்கொள்ளச் சொல்லுங்கள். "ஏய் ஸ்டூடன்ட்" என்று கூப்பிடுவது நின்றாலே வார்டின் குரல் மாறிவிடும்.

மூன்றாம் படி: யார் கூட என்று எழுதி ஒட்டுவது

டூட்டி ரோஸ்டர் பக்கத்திலேயே இன்னொரு பட்டியல் ஒட்டுங்கள். இடது பக்கம் மாணவி பெயர், வலது பக்கம் ஸ்டாஃப் நர்ஸ் பெயர். ஒரு சிஸ்டரோடு ஒருவர், மிஞ்சினால் இருவர். சிஸ்டருக்கு எந்த ஷிஃப்ட்டோ மாணவிக்கும் அதே ஷிஃப்ட். சிஸ்டர் லீவு போட்டால் அன்றைக்கு யார் என்பதும் அதிலேயே இருக்க வேண்டும்.

எந்த சிஸ்டரைப் போடுவது? இங்கேதான் பலரும் தவறுகிறோம். இருபது வருட அனுபவமுள்ள சீனியரைத்தான் போட வேண்டும் என்று நினைக்கிறோம். பாட்ரிசியா பென்னர் 1984-இல் நர்ஸின் வளர்ச்சியை ஐந்து நிலைகளாகப் பிரித்துச் சொன்னார். புதியவர் விதியைப் பிடித்துக்கொண்டு நடப்பார். இரண்டு மூன்று வருடம் ஒரே மாதிரி வேலை பார்த்தவர் தானே திட்டமிட்டுச் செய்கிற தகுதிக்கு வந்திருப்பார். ஐந்தாம் நிலையில் இருக்கிற வல்லுநர் விதியை நினைத்துக்கூடப் பார்க்காமல் வாசலில் நின்றே "அஞ்சாம் பெட் சரியில்லை" என்று சொல்லிவிடுவார். எப்படித் தெரிந்தது என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. ஆகவே முதல், இரண்டாம் வருடப் பிள்ளைகளுக்கு மூன்று நான்கு வருட அனுபவமுள்ள நர்ஸ்தான் பொருத்தம். அவருக்கு ஒவ்வொரு அடியும் இன்னும் நினைவில் இருக்கும். கடைசி வருடப் பிள்ளைகளை சீனியரோடு போடுங்கள். அந்த "சரியில்லை" எங்கிருந்து வருகிறது என்று தோண்டிக் கேட்கிற அளவுக்கு அவர்கள் வளர்ந்திருப்பார்கள்.

மாணவியை ஏற்றுக்கொள்கிற சிஸ்டருக்கு அன்றைக்கு ஒரு பெட் குறைத்துக் கொடுங்கள். முடியாத நாட்கள் வரும், எனக்கும் தெரியும். முடிகிற நாட்களில் செய்யுங்கள். வருடக் கடைசியில் அவர் எத்தனை பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார் என்று நர்சிங் சூப்பிரண்டெண்ட் கையெழுத்துப் போட்டு ஒரு கடிதம் கொடுக்கட்டும். சம்பளம் ஏறாவிட்டாலும் அந்தக் கடிதத்தை வீட்டில் எடுத்து வைத்திருக்கிற சிஸ்டர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நான்காம் படி: ஐந்து நிமிடத்தில் பாடம்

"வார்டு இருக்கிற இருப்பில் எங்கே பாடம் எடுக்கிறது?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. இதற்கு அமெரிக்க மருத்துவ ஆசிரியர்கள் 1992-இல் ஒரு முறை எழுதினார்கள். ஒரு நிமிட ஆசிரியர் முறை என்று சொல்லலாம். ஐந்து அடிகள் உண்டு. நம்ம வார்டில் அது எப்படி நடக்கும் என்று காட்டுகிறேன்.

பகல் பதினொன்றே முக்கால். ஏழாம் பெட்டில் சர்க்கரை நோய் உள்ள ஐயா. மதியச் சாப்பாட்டுக்கு முன் பத்து யூனிட் இன்சுலின் என்று ஷீட்டில் இருக்கிறது. மாணவி சிரிஞ்சை எடுத்துக்கொண்டு வருகிறாள்.

"போடலாமாம்மா?" என்று சிஸ்டர் கேட்கிறார். இது முதல் அடி. போடலாம், வேண்டாம் என்று ஏதாவது ஒன்றைத் தீர்மானித்து அவள் பதில் சொல்ல வேண்டும்.

"வேண்டாம்னு தோணுதுக்கா."

"எதை வெச்சு சொல்றே?" இது இரண்டாம் அடி.

"காலையில ரெண்டு தடவை வாந்தி எடுத்தாங்க. இட்லி பாதிதான் சாப்பிட்டாங்க."

"சாப்பாட்டுக்கு முன்னாடி போடுற இன்சுலின்னா, சாப்பிடப் போறாங்களான்னு பார்க்கணும், சுகர் பார்க்கணும். சந்தேகம்னா டாக்டரைக் கேட்கணும். நாமளா போடவும் கூடாது, நாமளா நிறுத்தவும் கூடாது." இது மூன்றாம் அடி. இந்த ஐயாவுக்கு மட்டும் இல்லாமல் எல்லா நோயாளிக்கும் பொருந்துகிற பொது விதி.

"வாந்தியைக் கவனிச்சு வெச்சிருந்தே பாரு, அது நல்லது." நான்காம் அடி. எது சரி என்று குறிப்பாகச் சொல்வது.

"ஆனா அதை எட்டு மணிக்கே எங்கிட்ட சொல்லியிருக்கணும்." ஐந்தாம் அடி.

இத்தனைக்கும் ஒன்றரை நிமிடம்தான் ஆகும். சிஸ்டர் எப்படியும் அந்த பெட்டுக்குப் போகத்தான் போகிறார். தனியாக நேரம் ஒதுக்கத் தேவையே இல்லை. கவனிக்க வேண்டியது ஒன்று: "சூப்பர்மா" என்று பொதுவாகப் புகழ்ந்தால் பிள்ளைக்கு எதைத் திரும்பச் செய்வது என்று தெரியாது. "வாந்தியைக் கவனிச்சே" என்றால் நாளைக்கும் கவனிப்பாள்.

அவசரம் என்றால் இந்த முறை வேண்டாம். அப்போது முதலில் கை, அப்புறம்தான் பாடம்.

ஐந்தாம் படி: அவசரத்தில் நிற்க ஓர் இடம்

நம்ம பக்கத்தில் அவசரம் எப்போது வரும் என்று ஓரளவுக்கு முன்பே தெரியும். பொங்கலை ஒட்டிச் சிராவயல் மஞ்சுவிரட்டு, மாசி மகத்தன்று அரளிப்பாறை. மாடு குத்தியவர்கள் வண்டி வண்டியாக வருவார்கள். அன்றைக்கு மாணவிகளை வீட்டுக்கு அனுப்பிவிடுகிற ஆஸ்பத்திரிகளும் உண்டு, கூட்டத்தில் முட்டிக்கொண்டு நிற்க விடுகிற ஆஸ்பத்திரிகளும் உண்டு. இரண்டும் வேண்டாம். முந்தின நாளே ஆளுக்கொரு வேலை சொல்லிவிடுங்கள். ஒருத்தி நேரத்தைக் குறித்து எழுதுவாள். ஒருத்தி வைட்டல்ஸ் மட்டும் பார்ப்பாள். ஒருத்தி சொந்தக்காரர்களோடு வெளியே நிற்பாள். இந்த மூன்றாவது வேலைதான் கடினம். அதற்குக் கடைசி வருடப் பிள்ளையைப் போடுங்கள்.

கண்மாய்க் கரையும் முள்காடும் உள்ள ஊர்கள் இவை. பாம்புக்கடிக்குப் பஞ்சமில்லை. ரத்தம் உறைகிறதா என்று பார்க்கிற 20 நிமிடச் சோதனை மாணவிக்கென்றே செய்தது போல இருக்கும். புதிய, சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் இரண்டு மில்லி ரத்தம். பிளாஸ்டிக் ஆகாது. அசைக்காமல் 20 நிமிடம் வைத்திருந்து ஒரே ஒரு தடவை சாய்த்துப் பார்க்க வேண்டும். உறையாமல் வழிந்தால் விஷம் ரத்தத்தைப் பாதித்திருக்கிறது என்று பொருள். வார்டு பரபரப்பில் எல்லோரும் ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தக் குழாயை யாராவது நகர்த்திவிடுவார்கள், அல்லது பத்தாம் நிமிடமே பொறுமையில்லாமல் சாய்த்துப் பார்த்துவிடுவார்கள். ஒரு மாணவியைக் கடிகாரத்தோடு அதன் பக்கத்தில் உட்கார வையுங்கள். "யார் கேட்டாலும் 20 நிமிஷம் ஆகாம தொட விடாதே" என்று சொல்லுங்கள். ஒருமுறை கவலையில் இருந்த பெரிய டாக்டர் ஒருவர் கை நீட்டியபோது எங்கள் மூன்றாம் வருடப் பிள்ளை "சார், இன்னும் ஆறு நிமிஷம்" என்றாள். அவரும் கையை எடுத்துக்கொண்டார். பாடப் புத்தகத்தில் அந்தச் சோதனை நான்கு வரிதான். அந்தப் பிள்ளை ஆயுசுக்கும் அதை மறக்க மாட்டாள்.

ஆறாம் படி: தமிழில் யோசிக்க விடுங்கள்

எங்கள் வகுப்பில் பெரும்பாலோர் தமிழ் வழியில் படித்து வந்தவர்கள். கேஸ் ஷீட் ஆங்கிலம், டாக்டர் பேசுவது பாதி ஆங்கிலம், ஓவர் கொடுப்பது துண்டு ஆங்கிலம். பிள்ளைக்கு விஷயம் தெரியும், வார்த்தை வராது. வார்த்தை வராததை விஷயம் தெரியாததாக எடுத்துக்கொண்டு "இதுகூடத் தெரியாதா?" என்று கேட்டுவிடுகிறோம். அன்றோடு அவள் வாயை மூடிக்கொள்வாள்.

முதலில் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். "அந்தம்மாவுக்கு நேத்தை விட இன்னைக்கு எப்படி இருக்கு?" என்று கேளுங்கள். அவள் தமிழில் சொன்னதை நீங்களே இரண்டு வரி ஆங்கிலத்தில் எழுதிக் காட்டுங்கள். மூன்றாம் நாள் அவளே எழுதுவாள். சுருக்கெழுத்துகளுக்கு ஓர் அட்டை எழுதி நர்ஸிங் ஸ்டேஷனில் ஒட்டுங்கள். காதில் ஓ.டி. என்று விழுவது ஆபரேஷன் தியேட்டராக (OT) இருக்கலாம்; OD-யாக இருந்தால் மருந்துச் சீட்டில் நாளுக்கு ஒரு வேளை, கண் வார்டில் வலது கண். புதிதாக வந்த பிள்ளை எதை எடுத்துக்கொள்வாள்?

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இந்தப் பிள்ளைகளுக்கு நோயாளியின் பாஷை தெரியும். "விண்ணு விண்ணுன்னு தெறிக்குது" என்று ஒருவர் சொன்னால் உள்ளே சீழ் கோத்திருக்கலாம் என்று அவர்களுக்குப் புரியும். "நெஞ்சு கரிக்குது" என்பதற்கும் "நெஞ்சை அடைக்குது" என்பதற்கும் வித்தியாசம் புரியும். "வாயு புடிச்சிருக்கு தாயி" என்று நெஞ்சைத் தேய்த்துக்கொண்டு வியர்க்க விறுவிறுக்க உட்கார்ந்திருந்த விவசாயியைப் பார்த்துவிட்டு, இது வாயு இல்லை, உடனே ஈ.சி.ஜி. எடுக்கணும் என்று முதலில் ஓடி வந்து சொன்னது எங்கள் கல்லல் பக்கத்துப் பிள்ளை. அதெல்லாம் ஷீட்டில் "வலி உள்ளது" என்று சுருங்கிப் போகக் கூடாது. நோயாளி சொன்ன வார்த்தையை அப்படியே எழுதி வைக்கப் பழக்குங்கள். ரவுண்ட்ஸில் "அவர் என்ன சொன்னார்?" என்று மாணவியைக் கேளுங்கள். அந்த ஒரு விஷயத்தில் அவள்தான் வார்டுக்குச் சொல்லிக் கொடுப்பவள்.

ஓவர் கொடுப்பதையும் இரண்டாம் வாரத்திலிருந்து அவளிடம் விடுங்கள், தன் பெட் ஒன்றுக்கு மட்டும். இப்போது என்ன நிலை, இதற்கு முன் என்ன நடந்தது, நான் பார்த்தது என்ன, இனி என்ன செய்ய வேண்டும் என்று நான்கு கேள்விக்கும் பதில் சொன்னால் போதும். எஸ்.பி.ஏ.ஆர். என்று இதைச் சொல்வார்கள். நீர்மூழ்கிக் கப்பலில் தகவல் சொல்ல வைத்திருந்த முறை ஆஸ்பத்திரிக்கு வந்தது. அவள் திக்கினால் குறுக்கிடாதீர்கள்.

ஏழாம் படி: தவறு நடக்கும்போது

இது இல்லாமல் மேலே சொன்ன எதுவும் நிற்காது.

நான் மாணவியாக இருந்தபோது ஒரு ஆஸ்பத்திரியில் கிட்னி ட்ரேயைக் கீழே போட்டுவிட்டேன். நோயாளி, அவர் மகள், டாக்டர் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, வார்டில் இருந்தவர்கள் என்னைப் பார்த்துக் கத்தினார்கள். "உன்னை யார் நர்சிங் படிக்கச் சொன்னா?" என்று கேட்டார்கள். அதற்கு அடுத்த வாரம் ஒரு டிரிப் வேகமாக ஓடிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். நான் வைத்தது இல்லை. ஆனாலும் சொல்லப் போனால் என்னைத்தான் திட்டுவார்கள் என்று சொல்லாமல் நானே குறைத்து வைத்துவிட்டு நகர்ந்தேன். அந்த நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் எவ்வளவு உள்ளே போனது என்று யாருக்கும் தெரியாமலே போயிற்று. இப்போது நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது.

ஏமி எட்மன்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1996-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். நல்ல தலைமையும் நல்ல ஒற்றுமையும் உள்ள வார்டில் மருந்துத் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனார். கணக்கு நேர்மாறாக வந்தது. அங்கேதான் அதிகத் தவறு பதிவாகியிருந்தது. அந்த வார்டுகளில் நடந்ததைச் சொல்லப் பயமில்லை, அதனால் பதிவானது. மற்ற இடங்களில் மூடி வைத்திருந்தார்கள்.

எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். நம் ஊரில் இன்சுலின் பாட்டில் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். 100 யூனிட்டுக்கான சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. ஸ்டாக் தீர்ந்துபோய் யாரோ ஆரஞ்சு மூடி சிரிஞ்சுகளை அதே டப்பாவில் கொட்டியிருக்கிறார்கள். ஒரு மாணவி 40 யூனிட் பாட்டிலிலிருந்து அதில் பத்துக் கோடு வரை எடுத்துவிட்டாள். பத்து என்று அவள் நினைத்தது உண்மையில் நான்கு யூனிட். கூட நின்ற சிஸ்டரும் கோட்டைப் பார்த்தார், மூடியைப் பார்க்கவில்லை. போட்டாயிற்று. அரை மணி நேரம் கழித்து டப்பாவை அடுக்கும்போது மாணவிக்கே உறைத்தது. நேராக சிஸ்டரிடம் போய், "அக்கா, நான் தப்பு பண்ணிட்டேன்னு நினைக்கிறேன்" என்றாள்.

சிஸ்டர் முதலில் நோயாளியைப் பார்த்தார். சுகர் பார்த்தார், டாக்டருக்குச் சொன்னார். அப்புறம் மாணவியை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். பிறகு இருவருமாக உட்கார்ந்து ரிப்போர்ட் எழுதினார்கள். அதில் சிஸ்டர் தன் பெயரையும் எழுதினார். மறுநாள் டப்பா இரண்டாகப் பிரிந்தது. இதுவே 100 யூனிட் பாட்டிலும் சிவப்பு மூடி சிரிஞ்சுமாக மாறியிருந்தால் பத்துக்குப் பதில் இருபத்தைந்து போயிருக்கும். அந்தப் பிள்ளை வாயைத் திறந்ததால் அப்படி ஒன்று நடக்கும் முன்பே வழி அடைபட்டது.

ஆக வரிசை இதுதான். நோயாளி, டாக்டருக்குத் தகவல், மாணவி, ரிப்போர்ட், காரணம். திட்டுவது இந்த வரிசையில் எங்கேயும் இல்லை. கண்டிக்க வேண்டியிருந்தால் தனியறையில், மறுநாள், தணிந்த குரலில் சொல்லுங்கள். நோயாளிக்கு முன்னால் ஒருபோதும் வேண்டாம்.

ஊசி குத்திவிட்டால் என்ன செய்வது என்பதும் முதல் வாரத்திலேயே சொல்லித் தர வேண்டும். சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கழுவ வேண்டும். விரலை அமுக்கிப் பிழியக் கூடாது, வாயில் வைக்கக் கூடாது. உடனே சொல்ல வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் முடிந்தவரை 2 மணி நேரத்துக்குள், எப்படியும் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். தொடங்கினால் 28 நாள். பயந்துகொண்டு ஹாஸ்டலுக்குப் போய் ராத்திரி அழுகிற பிள்ளைக்கு அந்த மணி நேரங்கள் வீணாகிப் போகும். அதனால்தான் திட்டக் கூடாது என்று இவ்வளவு சொல்கிறேன்.

எட்டாம் படி: நோயாளியிடம் கேட்பது

"ஆச்சி, நான் நர்சிங் படிக்கிறேன். சிஸ்டர் பக்கத்துல இருக்காங்க. நான் ஊசி போட்டுக்கலாமா?" என்று மாணவியே கேட்க வேண்டும். மாட்டேன் என்றால் "சரி ஆச்சி" என்று விலகிக்கொள்ள வேண்டும். என் அனுபவத்தில் கேட்டால் பெரும்பாலோர் மாட்டேன் என்பதில்லை. "படிக்கிற புள்ள, போடு ஆத்தா" என்று கையை நீட்டுவார்கள்.

ஒன்பதாம் படி: வீடுகளுக்குப் போகும்போது

கம்யூனிட்டி போஸ்டிங்கை ஓய்வு மாதிரி நடத்துகிறோம். செட்டிநாட்டில் அப்படி நடத்துவது பெரிய இழப்பு. கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர் பக்கம் தெரு நீளத்துக்கு வீடுகள். உள்ளே எண்பது வயது ஆச்சி ஒருவரும் வேலைக்கு ஒரு பெண்ணும் மட்டும் இருப்பார்கள். பிள்ளைகள் சென்னையில், சிங்கப்பூரில். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பி.பி., சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அந்தப் பணியாளர்களோடு மாணவியை அனுப்புங்கள். யார் கூட என்ற கேள்வி இங்கேயும் உண்டு.

அங்கே என்ன கற்பாள்? ஆச்சியின் படுக்கையிலிருந்து பின்கட்டுப் பாத்ரூம் வரை அவளை நடந்து பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு உயரமான நிலைப்படி, நடுவில் மழை விழுகிற வளவு (திறந்த முற்றம்), ஆத்தங்குடிக் கல் பதித்த தரை. ஈரமானால் வழுக்கும். ராத்திரி இரண்டு மணிக்கு, நீர் பிரிய மாத்திரை சாப்பிட்ட ஆச்சி எத்தனை தடவை இந்த வழியில் நடக்கிறார்? அந்த மாத்திரையை டாக்டரிடம் கேட்டுக் காலைக்கு மாற்ற முடியுமா? அப்புறம் முறுக்கு டின்னைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். மூன்று டாக்டர் கொடுத்த மாத்திரை ஒன்றாகக் கிடக்கும், அதில் இரண்டு ஒரே மருந்தாக வேறு பெயரில் இருக்கும். இடுப்பு எலும்பு ஏன் உடைகிறது என்று அவளுக்கு அந்த வீட்டில் புரிகிற மாதிரி எந்த வகுப்பிலும் நான் புரிய வைத்ததில்லை.

பத்தாம் படி: பாதுகாப்பு

சுருக்கமாகச் சொல்கிறேன். மாலை ஷிஃப்ட் எட்டு மணிக்கு முடிந்தால் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று டியூட்டருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆண் வார்டில் தனியாக பெட் பாத் கொடுக்க அனுப்பக் கூடாது. பாலியல் தொந்தரவு பற்றிப் புகார் கொடுக்க 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்து அல்லது அதற்கு மேல் பணியாளர்கள் உள்ள ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும் உள் குழு இருக்க வேண்டும். அந்தச் சட்டம் பயிற்சிக்கு வருகிறவர்களையும் காக்கும். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். குழுவில் யார் இருக்கிறார்கள் என்று முதல் நாள் வார்டு சுற்றிக் காட்டும்போதே சொல்லிவிடுங்கள். ராகிங் தமிழ்நாட்டில் 1997 முதல் சட்டப்படி குற்றம். சீனியர் மாணவிகளுக்கும் இதைச் சொல்லுங்கள்.

பதினோராம் படி: கடைசி நாள் தாள்

பின்லாந்தில் மிக்கோ சாரிகோஸ்கி குழுவினர் 2002-இல் மாணவர்களுக்கான ஒரு கேள்வித்தாளை வெளியிட்டார்கள். வார்டுச் சூழல், வார்டுத் தலைவரின் போக்கு, நோயாளிகளைக் கவனிக்கும் முறை, கற்க இருக்கிற வாய்ப்பு, வழிகாட்டியோடு உள்ள உறவு என்று ஐந்து கோணத்தில் அது பார்க்கிறது. ஆய்வு செய்கிறவர்கள் அதைப் பயன்படுத்தட்டும். தினசரி வார்டுக்கு நான் வைத்திருப்பது அரைப் பக்கத் தாள். பெயர் எழுத வேண்டாம், தமிழில் எழுதலாம் என்று மேலேயே போட்டுவிடுவேன்.

இந்த வார்டில் முதன்முதலாகத் தனியாகச் செய்தது என்ன? கேட்க நினைத்துக் கேட்காமல் விட்டது என்ன? யாராவது எல்லோர் முன்னாலும் திட்டினார்களா? அடுத்து வருகிற பிள்ளைக்கு இந்த வார்டைப் பற்றி என்ன சொல்வாய்? கடைசியாக: இந்த வார்டில் நீ யார் கூட இருந்தாய்? அவர் பெயரை எழுது.

தாள்களைக் கல்லூரிக்குக் கொண்டுபோய்க் கட்டி வைக்காதீர்கள். அன்றைக்கே இன்சார்ஜ் சிஸ்டரோடு உட்கார்ந்து படியுங்கள். "கேட்காமல் விட்டது" என்ற இடத்தில் நான்கு பேர் ஒரே விஷயத்தை எழுதியிருந்தால் அதை அடுத்த பேட்சின் முதல் வாரத்துக்கு எடுத்து வையுங்கள். கடைசிக் கேள்விக்கு எதுவும் எழுதாமல் விட்ட தாள்களைத் தனியே பிரியுங்கள். அடுத்த வேன் வருவதற்கு முன், ரோஸ்டர் பக்கத்தில் ஒட்டுகிற அந்தப் பட்டியலை அவற்றைப் பார்த்துக்கொண்டே எழுதுங்கள்.